கிறிஸ்ரினா என்ற பெயரில் பதினான்கு மாதம்

பாங்கொக் ஜெயிலில் ஒன்றரை வருடம் கிடந்தவளாம். போதைத் தூள் கொண்டுபோய்ப் பிடிபட்டவளாம். புருஷன்காரனுக்கு இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லையாம்.

இந்தக் கதையை யோகமலருக்குச் சொன்னது அவளுடைய மச்சாள். மச்சாளுக்குச் சொன்னது ரொறன்ரோ பார்க்டேல் தேவாலயத்தில் பூ வைக்கிற ஒருத்தி. அவளுக்கு யார் சொன்னார்கள் என்று யோகமலர் கேட்கவில்லை. கேட்டால் கதையின் ருசி குறைந்துவிடும். சுடச்சுட அதை அருள்நாயகம் ஓட்டுகிற வேலை வானுக்குள் கொண்டுவந்தாள்.

அது 1995 பெப்ரவரி. விமானச் சாப்பாடு கட்டுகிற மிசிசாகா தொழிற்சாலைக்குப் பின்னேர வேலைக்காரரை ஏற்றிக்கொண்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு ஜேம்சன் அவெனியுவில் இருந்து அந்த வான் புறப்படும். பதினொரு பேர் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். ஹீற்றர் முன்சீற்றுக்கு மட்டும்தான் வேலை செய்யும். பின்னால் இருப்பவர்களுக்குச் சூடு தருவது யோகமலரின் வாய்.

"ஆரடி அந்த மனிசி?" என்று முன்னால் இருந்து ஒருத்தி கேட்டாள்.

"எங்கடை தட்டுக் கழுவிற றெமிஜியஸ் இருக்கிறானெல்லே, அவன்ரை மனிசிதான். கிறிஸ்ரினா. பேசாலைப் பொம்பிளை. பாவம், அவன் ஸ்பொன்சர் பண்ணிப்போட்டு வருஷக்கணக்கா வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறான். இப்ப கொழும்பிலை கனடா எம்பசி ஃபைலை நிப்பாட்டிப்போட்டுது. பேர், பிறந்த திகதி, பாஸ்போட் நம்பர் எல்லாம் பாங்கொக் கோட்டிலை பதிஞ்சு கிடக்காம்."

"அப்ப அவன் என்ன செய்யப்போறானாம்?"

"தமையன்மார் விட்டுவிடடா எண்டு நிக்கினம். அவன் ஒண்டும் கதைக்கிறானில்லை. தட்டை மட்டும் போட்டு உடைக்கிறான்."

வான் சிரித்தது. யோகமலருக்குப் பக்கத்தில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த சந்திரவதனா மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய மனம் தானாக ஓடத் தொடங்கியிருந்தது. கிறிஸ்ரினா. பிறந்த இடம் பேசாலை. பிறந்த திகதி பதினான்கு மார்ச் ஐம்பத்தேழு. தகப்பன் பெயர் சீமோன்.

ஒன்றரை வருடம் அல்ல, பதினான்கு மாதம். தூள் அல்ல, தலை மாற்றிய பாஸ்போட். அந்த வானில் இருந்த பதினொரு பேரில் இதைத் திருத்திச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு அவள் வாய் திறக்கவில்லை.

சந்திரவதனா சாவகச்சேரிக்கு அருகில் மட்டுவிலில் பிறந்தவள். நாலு பெண்களில் மூன்றாவது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பஸ் டிப்போவில் எழுதுவினைஞராக இருந்த பொன்னம்பலத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எழுபத்தேழில் மயூரி பிறந்தாள். எண்பத்தாறில் டிப்போவுக்கு அருகில் விழுந்த ஷெல் பொன்னம்பலத்தைக் கொண்டுபோனது. அவருடைய சைக்கிளில் ஒரு கீறல்கூட இல்லை. அதை யாரோ உருட்டிக்கொண்டு வந்து வாசலில் சாத்திவிட்டுப் போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து, மயூரியைத் தங்கை ரதியிடம் விட்டுவிட்டுக் கனடாவுக்குப் புறப்பட்டாள். கொழும்பில் ஏஜென்சிக்காரன் அவளுக்கு ஒரு பாஸ்போட்டைக் காட்டினான். இன்னொருத்தியின் பாஸ்போட்டில் அவளுடைய படத்தைக் கிளப்பிவிட்டு நம்முடைய படத்தை ஒட்டுவதற்குத் தலை மாற்றுவது என்று பெயர். அந்தக் காலத்தில் அதைக் கொழும்பு லொட்ஜுகளில் சட்டைக்குப் பொத்தான் மாற்றுவதைப்போலச் சொல்வார்கள்.

"இது ஆற்றை பாஸ்போட் தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"அந்த மனிசி முந்தியே வெளிநாடு போட்டுது அக்கா. அவவுக்கு இனி உது தேவையில்லை. நீங்கள் பாடமாக்குங்கோ."

பாடமாக்கினாள். பெயர், பிறந்த இடம், திகதி, தகப்பன் பெயர், எழுத்தோடு சேர்ந்த நீண்ட நம்பர். நெற்றித் திருநீற்றை அழித்தாள். சிலுவை போடப் பழகினாள். இடது தோளா வலது தோளா முதலில் என்று நாலு நாள் குழம்பினாள். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கையெழுத்து. அந்தக் கிறிஸ்ரினா தன் பெயரைத் தமிழில் எழுதி, கடைசி எழுத்தின் வாலைப் பெயருக்குக் கீழால் திருப்பி இழுத்து, அதன் நுனியில் இரண்டு புள்ளி வைத்திருந்தாள். ஒரு கொப்பி முழுவதும் எழுதிய பிறகுதான் அந்த வால் சந்திரவதனாவின் கைக்குப் படிந்தது.

பாங்கொக் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் படத்தின் மூலையை நகத்தால் மெல்லக் கிளப்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்டது ஒரே கேள்வி. "உங்களுடைய பெயர் கிறிஸ்ரினாவா?" என்ன நடந்தாலும் பெயரை மாற்றிச் சொல்லாதேயுங்கோ, இன்னொரு வழக்கும் சேரும் என்று ஏஜென்சிக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். அவள் ஓம் என்றாள். அந்த ஓமுக்குப் பிறகு பதினான்கு மாதம் அவளை எல்லோரும் கிறிஸ்ரினா என்றே கூப்பிட்டார்கள்.

சிறையில் தையல் பகுதியில் விட்டார்கள். சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைப்பது வேலை. முதல் மாதம் ஊசி விரலில் ஏறியது; ஆறாம் மாதம் மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுத்தாள். மாதம் ஒருமுறை ஒரு கன்னியாஸ்திரி வருவார். பதிவில் கத்தோலிக்கப் பெயர் இருந்தபடியால் அவளைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார். நத்தார்ப் பண்டிகைக்கு நீல மணிகள் கோத்த ஒரு செபமாலை கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கியபோதுதான், சிறைக்கு வந்த பிறகு முதன்முறையாக, அவள் விம்மி அழுதாள். கன்னியாஸ்திரி அதைப் பக்தி என்று நினைத்தார். மயூரிக்கான கடிதங்களை வெளியே கொண்டுபோய்த் தபாலில் போட்டதும் அவர்தான். அம்மா பாங்கொக்கில் ஒரு தையல் ஃபக்டரியில் வேலை செய்கிறா என்று பதினொரு வயதுப் பிள்ளைக்கு ரதி சொல்லிவைத்தாள். அரைவாசி உண்மைதானே.

தண்டனை முடிந்து கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, தொண்ணூறில் வேறு வழியால் ரொறன்ரோ வந்து சேர்ந்தாள். பியர்சன் விமான நிலையத்தில் அதிகாரி பெயர் கேட்டபோது, "பொன்னம்பலம் சந்திரவதனா" என்றாள். சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று தனக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

பார்க்டேலுக்குத் தமிழர் வந்திறங்கிய காலத்தில் படிவம் நிரப்ப வேண்டுமென்றால் விநாயகமூர்த்தி அண்ணையிடம்தான் போவார்கள். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். மளிகைக் கடைக்கு மேலே உள்ள அறையில் மேசை போட்டு, கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு இருப்பார். முன்னால் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள், ஏற்கெனவே வெற்றியடைந்த ஒரு படிவத்தின் பிரதி இருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் எழுதுவார். குற்றம் செய்ததுண்டா, சிறைக்குப் போனதுண்டா, நாடு கடத்தப்பட்டதுண்டா என்ற பெட்டிகளுக்கெல்லாம், ஆள் வந்து கதிரையில் உட்கார முதலே 'இல்லை' என்று அடித்துவைத்துவிடுவார். எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த இல்லை நல்லபடி உதவியிருந்தது. தான் நிரப்பிய படிவத்தில் ஒரு வெட்டுக்கொத்துக்கூட இராது என்பது அவருடைய பெருமை.

அகதி வழக்குக்கு எழுதும்போது சந்திரவதனா அவரிடம் மட்டும் பாங்கொக் கதையைச் சொல்லியிருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இஞ்சை பாரும் பிள்ளை. ஜெயிலுக்குப் போனது ஆர்? கிறிஸ்ரினா. நீர் ஆர்? சந்திரவதனா. பேப்பரிலை உம்மிலை ஒரு தூசி இல்லை. நீராப் போய் ஏன் தலையிலை அள்ளிக் கொட்டிறீர்?"

அந்தப் பதினான்கு மாதமும் அவள் ரதி வீட்டில் இருந்ததாக எழுதினார்கள். கனடா அரசு அவளை அகதியாக ஏற்றுக்கொண்டது. இப்போது நிரந்தர வதிவிடத்துக்கான படிவம் அவருடைய மேசையில் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது. அதில்தான் மயூரியின் பெயரும் இருந்தது. வருகிற வருடம் ஒக்ரோபரில் அவளுக்குப் பத்தொன்பது முடியும். பத்தொன்பது முடிந்துவிட்டால் தாயோடு வரக்கூடிய பிள்ளை என்ற கணக்கில் அவள் வரமாட்டாள்.

ஒரு கையெழுத்துத்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்துத்தான் யோகமலர் வானுக்குள் அந்தக் கதையோடு ஏறினாள்.

ஐந்து நாள் சந்திரவதனா பொறுத்தாள். ஆறாம் நாள் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் றெமிஜியஸ் தனியே இருந்தான். நாற்பது வயதுக்கு முன்னமே தலை வெளுத்துவிட்ட மனுஷன். தேத்தண்ணீர் ஆறிப்போய் முன்னால் இருந்தது. அவள் போய் எதிரில் இருந்தாள்.

"தம்பி, உங்கடை மனிசியைப் பற்றி ஒரு கதை கேட்டனான்."

"எல்லாரும்தான் கேக்கினம். நீங்களும் கேளுங்கோ அக்கா. காசோ பணமோ."

"அந்தப் பாஸ்போட் அவவின்ரை கையாலை எப்பிடிப் போனது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "விசா எடுக்க எண்டு எண்பத்தெட்டிலை ஒரு ஏஜென்சியிட்டைக் குடுத்தவளாம். துலைஞ்சுபோச்சு எண்டு சொல்லிப்போட்டானாம். அவள் அப்பிடித்தான் சொல்லுறாள். ஆனா அக்கா, அந்த ஒண்டரை வருஷமும் நான் எழுதின ஒரு காயிதத்துக்கும் பதில் இல்லை. மன்னாருக்குத் தபால் ஓடயில்லை எண்டுறாள். ஓடாமலும் இருந்திருக்கும். எனக்கு இனி எதை நம்பிறது எண்டு தெரியேல்லை."

"ஒண்டரை வருஷம் இல்லைத் தம்பி. பதினாலு மாதம்."

பிறகு அவள் சொன்னாள். பதினான்கு மார்ச் ஐம்பத்தேழு. பேசாலை. சீமோன். நம்பரையும் சொன்னாள், ஓர் இலக்கம் தடுமாறாமல். ஐந்து வருடமாக யாரும் கேட்காத பாடம்.

"இதெல்லாம் ஃபைலிலை இருக்கிறதுதானே," என்றான் அவன். "உங்களுக்கு ஆரோ சொல்லியிருப்பினம்."

சந்திரவதனா தட்டில் விரித்திருந்த கடதாசியை இழுத்தெடுத்தாள். அவனுடைய சட்டைப் பையில் இருந்த பேனையைக் கேட்டு வாங்கி, கிறிஸ்ரினா என்று எழுதினாள். கடைசி எழுத்தின் வாலைக் கீழால் திருப்பி இழுத்தாள். நுனியில் ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி.

தன் மனைவி கடிதங்களின் அடியில் போடுகிற அந்தக் கையெழுத்தை றெமிஜியஸ் பார்த்துக்கொண்டே இருந்தான். விரலை அதன்மேல் வைத்தான். எடுத்தான். பிறகு கதிரை பின்னால் சாய எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அந்த அறையில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நான் அவளை என்னவெல்லாம் கேட்டுப்போட்டன் ஃபோனிலை," என்றான் சுவரைப் பார்த்துக்கொண்டே. "தூ. என்னவெல்லாம்."

அவன் திரும்பியபோது கண்ணில் தண்ணீரும் கோபமும் சேர்ந்து நின்றன.

"ஏனக்கா நீங்கள் கோட்டிலை உங்கடை பேரைச் சொல்லேல்லை?"

"பயம் தம்பி."

"இப்ப எழுதித் தருவியளோ? அது நான்தான், அவ இல்லை எண்டு?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். "எனக்கும் ஒரு பிள்ளை வரவேணும்," என்றாள். "மூண்டு நாள் தாரும்."

அவள் எழுதிய கடதாசியை அவன் நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

சந்திரவதனா காலையில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடந்த இங்கிலீஷ் வகுப்புக்குப் போவாள். ரீச்சர் டொறத்தி பூர்வீகம் அவுஸ்திரேலியா, தஸ்மேனியாத் தீவு. அந்த வாரம் அவர் தானே தட்டச்சு செய்த ஒரு பக்கத்தை வாசிக்கக் கொடுத்தார். ஹனா என்ற ஒரு பெண் நூற்றறுபது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு சுருள் லேஸ் திருடினாள். ஏழு வருடத் தண்டனை. கப்பலில் ஏற்றி, நாலு மாதக் கடலுக்கு அப்பால் குற்றவாளிகளின் குடியேற்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கம்பளி நூல் நூற்றாள். அடுத்தவர் வீட்டில் வேலை செய்தாள். தண்டனை முடிந்து விடுதலைக் கடிதம் கையில் கிடைத்தபோது திரும்பிப் போகக் கப்பல் கூலி இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் பாண் சுட்டு விற்றாள். அவளுடைய பாண் வாங்க நீதவானின் வேலைக்காரி வரிசையில் நிற்பாள்.

"ஹனா இப்போது இங்கே வந்தால் நீங்கள் என்ன கேட்பீர்கள்?" என்று டொறத்தி வகுப்பைக் கேட்டார். பாண் என்ன விலை என்றான் ஒரு சோமாலியன். புருஷன் இருந்தானா என்றாள் ஒரு போலந்துக்காரி. சந்திரவதனாவின் முறை வந்தது. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி அடுக்கினாள்.

"அவள் சொந்தப் பெயரிலா போனாள்?"

டொறத்தி கையில் இருந்த தாளை மேசையில் வைத்தார். பிறகு, ஓம், சொந்தப் பெயரில்தான் என்றார். ஹனா தன்னுடைய தகப்பன் வழியில் ஒரு மூதாதை என்றும், குடும்பத்தில் நூறு வருடமாக வெட்கத்தில் அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை என்றும் சொன்னார். "கப்பல் பதிவேட்டில்தான் நான் அவளைக் கண்டுபிடித்தேன். பெயர் இருந்தது. பக்கத்தில் அவள் கீறிய ஒரு சிலுவை. எழுதத் தெரியாதவள். அதைப் பார்த்த அன்று எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை."

வகுப்பு முடிந்து குயீன் தெருவில், தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்றீற்காருக்கு நிற்கும்போது சந்திரவதனா அந்தப் பதிவேட்டைப் பற்றியே நினைத்தாள். பாங்கொக்கிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. தான் தைத்த கழுத்துப்பட்டிகளும், தூங்காத இரவுகளும், கன்னியாஸ்திரி பிடித்த கையும் எல்லாம் அதில் இன்னொருத்தியின் பெயருக்குக் கீழே கிடக்கின்றன. அந்த இன்னொருத்தி ஒரு நாளும் பாங்கொக்கைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அவளுடைய தண்டனை இன்னும் முடியவில்லை.

ஸ்றீற்கார் வந்தது. அவள் வேலைக்கு வான் பிடிக்கிற பக்கம் போகாமல் விநாயகமூர்த்தி அண்ணையின் படி ஏறினாள்.

"வாரும் வாரும். கையெழுத்துத்தானே? இதிலை ஒண்டு, இதிலை ஒண்டு."

"அண்ணை, அந்த இல்லையை வெட்டுங்கோ."

"எந்த இல்லையை?"

"ஜெயிலுக்குப் போனதுண்டோ எண்ட இல்லையை."

அவர் பேனையை மூடினார். மளிகைக் கடையில் யாரோ மிளகாய் வறுத்து இடிக்கிற நெடி மேலே வந்தது. இரண்டு பேரும் இருமினார்கள்.

"உமக்கென்ன விசரே? பிள்ளையின்ரை பேர் இதுக்குள்ளை கிடக்கு. தெரியுமோ தெரியாதோ?"

"தெரியும். அதுதான் மூண்டு நாள் நித்திரை இல்லை."

"அந்த மனிசியை நீர் பிறவியிலை கண்டிருக்கிறீரோ?"

"காணேல்லை அண்ணை. ஆனா அவவின்ரை தகப்பன்ரை பேரை என்ரை தகப்பன்ரை பேர் எண்டு சொல்லிச் சோறு திண்டிருக்கிறன்."

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்டக்கூடாது. அது அசிங்கம்," என்று முணுமுணுத்துக்கொண்டு, லாச்சியைத் திறந்து புதிய படிவம் ஒன்றை எடுத்தார். முதல் பக்கத்தில் இருந்து தொடங்கினார். அந்தப் பெட்டி வந்தபோது, தன் வாழ்நாளில் முதல்முறையாக, 'ஆம்' என்று எழுதினார். எழுதிவிட்டு மை காய ஊதினார்.

அடுத்த நாள் அவரே மொழிபெயர்க்க அவளோடு சட்ட உதவி நிலையத்துக்கு வந்தார். அங்கே இருந்த லோயர் இளம் பெண். முழுவதையும் கேட்டுவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர் பொய்ப் பாஸ்போட் பாவிப்பதைச் சட்டம் மற்றக் குற்றங்களைப்போலப் பார்ப்பதில்லை. அதை வைத்து வாதாடலாம். ஆனால் அகதி வழக்கில் பதினான்கு மாதத்தை மறைத்தது வேறு விஷயம். அதைத் தோண்டுவார்கள், காலம் எடுக்கும், மகளுக்குப் பத்தொன்பது ஆக முதல் முடியும் என்று வாக்குத் தரமாட்டேன் என்றார்.

"என்ன சொல்லுறா?" என்று சந்திரவதனா கேட்டாள்.

விநாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார். "பாப்பம் எண்டுறா."

"அவ்வளவு நேரமாக் கதைச்சா?"

"சரி பிள்ளை. பயம்தான் எண்டுறா. ஆனா வழி இருக்கெண்டுறா. மறைச்சு எழுதினது என்ரை மூளைதான் எண்டு நானும் எழுதிக் குடுக்கிறன். கிழவன் என்னை என்ன செய்யப்போறாங்கள்?"

சத்தியக் கடதாசியில் அவள் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, லோயர் கேட்டபடி, கிறிஸ்ரினாவின் கையெழுத்தையும் கடைசி முறையாகப் போட்டுக் காட்டினாள்.

அன்று மத்தியானம் வானில் யோகமலர் மறுபடி தொடங்கினாள். இப்போது கதை வளர்ந்திருந்தது. ஒன்றரை வருடம் மூன்று வருடமாகியிருந்தது.

"யோகம், நிப்பாட்டு," என்றாள் சந்திரவதனா. "மூண்டு வருஷம் இல்லை. பதினாலு மாதம். தூள் இல்லை, தலை மாத்தின பாஸ்போட். றெமிஜியஸின்ரை மனிசி இல்லை. நான்."

வான் ஹைவேயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் முன்சீற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். விமான நிலையத்தின் கோபுரம் கண்ணில் பட்டது. கடைசியில் அருள்நாயகம்தான் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"அக்கா, அங்கை சாப்பாடு எப்பிடி?"

"நாங்கள் பிளேனுக்குக் கட்டிறதிலும் பாக்கத் திறம்."

பின்சீற்றில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். யோகமலர் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தாள். இறங்கும்போது, "நாலு வருஷம் பக்கத்திலை இருந்தனான். எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை," என்றாள்.

"உனக்குச் சொன்னால் மச்சாளுக்குச் சொன்ன மாதிரியெல்லே?"

"அது சரி," என்றாள் யோகமலர். அடுத்த நாள் வான் வந்தபோது, வழக்கம்போலப் பக்கத்து இடத்தில் தன் கைப்பையை வைத்து அவளுக்காகப் பிடித்திருந்தாள். அந்த வாரத்துக்குள் திருத்திய கதை மச்சாளிடம் போய், பூ வைக்கிறவளிடம் போய், றெமிஜியஸின் தமையன்மாரிடமும் போய்ச் சேர்ந்தது. யோகமலரின் வாயை அன்றைக்குத்தான் சந்திரவதனா மனதுக்குள் கும்பிட்டாள்.

கிறிஸ்ரினா அடுத்த ஜனவரியில் வந்தாள். மெலிந்த, உயரமான பெண். வந்த முதல் ஞாயிறு, றெமிஜியஸ் வாங்கிக்கொடுத்த பெரிய குளிர் ஜக்கெற்றுக்குள் முகம் மட்டும் தெரிய, ஜேம்சன் அவெனியுவில் சந்திரவதனாவின் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவளை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள்.

"என்ரை பேரை நல்லா வைச்சிருந்தியளோ?"

சந்திரவதனா கும்பிடக் கை எடுத்தாள். கிறிஸ்ரினா அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"உங்களாலை எனக்கு ஒரு வருஷம் போச்சு. என்ரை மனுசன் கேட்ட கேள்வியளும் மறக்காது. மறந்திட்டன் எண்டு நான் சும்மா சொல்லமாட்டன்," என்றாள். "ஆனா நீங்கள் வாய் திறக்காட்டி மிச்சமும் போயிருக்கும். உள்ளை விடுங்கோ, குளிருது."

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சந்திரவதனா உள்ளே போய் நீல மணிச் செபமாலையைக் கொண்டுவந்தாள். "இது உங்கடை பேருக்கு வந்தது," என்றாள். கிறிஸ்ரினா அதை வாங்கி, மணிகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள். இரண்டு மணிகளுக்கு நடுவே நூல் அறுந்து, சட்டை தைக்கிற வெள்ளை நூலால் முடிந்திருந்தது. அந்த இடத்தில் அவளுடைய விரல் நின்றது. பிறகு அதை ஜக்கெற்றுப் பையில் வைத்துக்கொண்டாள்.

சந்திரவதனாவின் ஃபைல் மட்டும் அசையவில்லை. இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டார்கள். அவள் ஒரே விதமாகப் பதில் சொன்னாள். மனப்பாடம் செய்யவேண்டியிராத கதை என்பதால் அது இலேசாகவே இருந்தது.

மே மாதம், ஒரு சனிக்கிழமை, கடிதம் வந்தது. விநாயகமூர்த்தி அதை மூன்று முறை வாசித்தார். ஜூன் மாதம் மயூரி கொழும்பில் நேர்முகத்துக்குப் போகவேண்டும். மெடிக்கலுக்கும் திகதி கொடுத்திருந்தார்கள். "விசா தாற எண்ணம் இல்லாட்டி மெடிக்கல் கேக்கமாட்டாங்கள் பிள்ளை," என்றார். பிறகு தன் வழக்கத்துக்கு மாறாக, "அப்பிடித்தான் நான் நினைக்கிறன்," என்றும் சேர்த்துக்கொண்டார். மயூரிக்குப் பத்தொன்பது முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

கடிதத்தின் கடைசிப் பந்தியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். தாயின் பாங்கொக் தண்டனை பற்றி மகளிடமும் கேட்பார்கள்.

தையல் ஃபக்டரி என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, சந்திரவதனா குசினிச் சுவரில் இருந்த ஃபோனுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். கொழும்பில் அது பின்னேரம் ஆறரை. ரதியும் மயூரியும் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தார்கள். ஃபோன் கீழே, வீட்டுக்காரரின் விறாந்தையில். அவர் எடுத்து, படிக்கட்டுக்குக் கீழே நின்று, "மயூரி, கனடா!" என்று கத்துவார். பிறகு அவள் இறங்கி ஓடிவருகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு படியையும் அவள் பாய்ந்துதான் கடப்பாள்.

அடுப்படியில் யோகமலர் தோசைக்கல்லைக் காயவைத்துக்கொண்டு, காதைக் கொடுக்காத மாதிரி நின்றாள்.

"என்னெண்டு தொடங்கப் போறியள் அக்கா?"

"பேரிலையிருந்துதான்."

சொல்லிவிட்டு நம்பரை அழுத்தினாள். அது நீண்ட நம்பர். கடலுக்கடியில் எங்கோ இரைச்சல். பிறகு அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது.

யோகமலர் அடுப்பை அணைத்தாள்.

மூன்று. நாலு. வீட்டுக்காரர் வழக்கமாக நாலாவது மணிக்கு எடுப்பார். ஞாயிற்றுக்கிழமையில் கோவிலுக்குப் போயிருப்பார். ஒருவேளை மயூரியே எடுக்கக்கூடும். ஐந்து. சந்திரவதனா றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். மடியில் இருந்த கடிதத்தை விரித்து, தன் பெயர் அச்சடித்திருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டாள்.

ஆறு.